விழப்போகிற பல்லுக்கு வேர் சிகிச்சையா? பால் பல் வைத்தியம் பற்றி ஒரு சந்தேகம்

நூல்கண்டு (ஈரோடு) · செவ்வாய், இரவு 10:42

மகளுக்கு ஐந்து வயது எட்டு மாதம். ஒரு மாதமாகவே வலது பக்கத்தில் மட்டும்தான் மெல்லுகிறாள். இட்லியை வலது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசுவதைப் பார்த்து, ஏதோ விளையாட்டு என்று விட்டுவிட்டேன். போன சனிக்கிழமை இரவு ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை. பாராசிட்டமால் சிரப் கொடுத்துத் தோளில் போட்டுத் தூங்க வைத்தோம்.

திங்கட்கிழமை பல் டாக்டரிடம் காட்டினோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, கீழே இடது பக்கம் இரண்டு கடைவாய்ப்பல்லிலும் சொத்தை நரம்பு வரை போய்விட்டது, இரண்டுக்கும் பல்பெக்டமி செய்து மேலே கேப் போட வேண்டும் என்றார். அதாவது பெரியவர்களுக்குச் செய்கிற ரூட் கேனால் மாதிரியேதான். ஒரு பல்லுக்கு நாலாயிரம், கேப் தனியாக இரண்டாயிரம். மொத்தம் பன்னிரண்டாயிரம்.

பணம்கூட அப்புறம். வீட்டில் அத்தை கேட்கிற கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. "விழுந்து முளைக்கிற பல்லுக்குப் போய் யாராச்சும் வேர் வைத்தியம் பண்ணுவாங்களா? எங்க காலத்துல நூலைக் கட்டி ஒரே இழுப்பு" என்கிறார். வீட்டுக்காரரும் அதே கட்சி. எனக்கும் உள்ளூர அப்படித்தான் தோன்றுகிறது. பிடுங்கிவிட்டால் என்ன குறைந்துவிடும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை · செவ்வாய், இரவு 11:05

உங்கள் அத்தை சொல்வதுதான் சரி. என் அண்ணன் பையனுக்கு நாலு வயதில் ஒரு கிளினிக்கில் எட்டுப் பல்லுக்கு எஸ்டிமேட் போட்டார்கள். எண்பதாயிரம். மயக்க மருந்து கொடுத்து ஒரே நாளில் முடித்துவிடலாம், சலுகை இந்த மாதக் கடைசி வரைதான் என்றும் சொன்னார்கள். துணிக்கடையா அது? எழுந்து வந்துவிட்டோம். இப்போது அவனுக்கு ஆறு வயது, நன்றாகத்தான் இருக்கிறான்.

நம் தாத்தா பாட்டி யாருக்கும் பால் பல்லுக்கு ரூட் கேனால் நடக்கவில்லை. விழுந்தது, முளைத்தது.

மேட்டுத்தெரு முருகன் · புதன், காலை 6:20

கணக்குப்பிள்ளை சார், நான் உங்களைப் போலத்தான் பேசிக்கொண்டிருந்தேன், ஏழு வருடம் முன்னால். பையனுக்கு ஐந்து வயதில் கீழே கடைசிக் கடைவாய்ப்பல் சொத்தை. "பால் பல்தானே, எடுத்துவிடுங்கள்" என்று நானே டாக்டரிடம் சொன்னேன். அவர் இடம் காக்கிற கம்பி ஒன்று போட வேண்டும், கூப்பிடுகிறேன் வாருங்கள் என்றார். நாங்கள் போகவில்லை. வலி போய்விட்டதே, அப்புறம் எதற்கு என்று இருந்துவிட்டோம்.

இப்போது அவனுக்குப் பன்னிரண்டு. பின்னால் முளைத்த பெரிய பல் முன்னே சாய்ந்து வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. அங்கே வர வேண்டிய பல்லுக்கு வழியில்லை. நாக்குப் பக்கமாக எட்டிப் பார்க்கிறது, பாதி வெளியே, பாதி உள்ளே. இப்போது கிளிப் போட்டு இடம் பண்ண வேண்டுமாம். இரண்டு வருடம் ஆகும் என்கிறார்கள். நீங்கள் சொன்ன பன்னிரண்டாயிரத்தை நான் இப்போது வட்டியோடு கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போடுவோம் இல்லையா, பால் பல் அந்தத் துண்டு. எடுத்தால் பக்கத்தில் நிற்கிறவர் உட்கார்ந்துவிடுவார். சண்டை போட்டுப் பயனில்லை.

பல்லாங்குழி · புதன், பிற்பகல் 2:15

துண்டு உதாரணத்தை இனி என் கிளினிக்கிலும் சொல்லப்போகிறேன், முருகன் சார். நான் குழந்தைகள் பல் மருத்துவர். பொதுவாகச் சொல்கிறேன், உங்கள் மகளின் வாயைப் பார்க்காமல் இதைச் செய்யுங்கள், அதைச் செய்யுங்கள் என்று சொல்ல முடியாது.

பால் பல் மொத்தம் இருபது. முன்பற்கள் ஆறு, ஏழு, எட்டு வயதில் விழும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் பால் பல் என்றாலே ஆறு வயதில் போய்விடும் என்று நினைக்கிறார்கள். கடைவாய்ப் பால் பற்கள் அப்படி இல்லை. முதல் கடைவாய்ப்பல் ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள், அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் விழும். உங்கள் மகளுக்கு இன்னும் ஆறு ஆகவில்லை. அந்தப் பல் நாலு, ஐந்து வருடம், ஏன் ஆறு வருடம்கூட உழைக்க வேண்டியது. விழப்போகிற பல் என்று சொல்ல முடியாது.

அடுத்தது, ஆறு வயதுப் பல். நிரந்தரக் கடைவாய்ப்பல்லில் முதலாவது, பால் பற்களுக்குப் பின்னால் காலி ஈறில் முளைக்கும். எதுவும் விழாமலே வருவதால் பாதிப் பெற்றோர் அதையும் பால் பல் என்றே நினைத்துக் கோட்டை விடுகிறார்கள். இரண்டாவது பால் கடைவாய்ப்பல்லின் பின்சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அது மேலே ஏறும். சுவர் இல்லாவிட்டால் முன்னே சரியும். முருகன் சார் வீட்டில் நடந்தது அதுதான். அதனால்தான் ஆறு வயதுக்கு முன் இரண்டாவது பல்லை இழப்பது முதல் பல்லை இழப்பதைவிட மோசம். அதே விபத்து முன்பல்லில் என்றால் இடம் அவ்வளவாகச் சுருங்காது. அழகும் பேச்சும்தான் பிரச்சினை.

நூல்கண்டு, ஒன்று கேட்கிறேன். இரவில் தானாக வந்த வலியா, சாப்பிட்டதும் வந்த வலியா? இனிப்போ குளிர்ச்சியோ பட்டால் சுள்ளென்று வந்து உடனே போனால் நரம்பு இன்னும் தேறும் நிலையில் இருக்கலாம். எதுவும் படாமல் தூக்கத்தில் எழுப்புகிற வலி என்றால் உள்ளே வீங்கிவிட்டது என்று பொருள், வெறும் அடைப்பு போதாது.

நூல்கண்டு (ஈரோடு) · புதன், இரவு 9:50

டாக்டர், நன்றி. தூக்கத்தில்தான் எழுந்தாள். ஆனால் ஒரு விஷயம் புரியவில்லை. இரண்டு பல்லில் பின்னாலிருப்பதைத் தொட்டால்தான் கத்துகிறாள். முன்னாலிருப்பதில் பெரிய ஓட்டை, ஆனால் வலியே இல்லை என்கிறாள். அப்படியென்றால் அது பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பல்லாங்குழி · புதன், இரவு 10:31

மொபைல் டார்ச் அடித்து அந்தப் பல்லுக்குக் கீழே ஈறைப் பாருங்கள். கடுகு அளவில், இல்லை அரிசி அளவில் ஒரு கொப்புளம் இருக்கிறதா?

நூல்கண்டு (ஈரோடு) · புதன், இரவு 10:44

இருக்கிறது டாக்டர். மஞ்சளாக. பல் துலக்கிவிடும்போது இத்தனை நாள் நான் பார்க்கவே இல்லை.

பல்லாங்குழி · புதன், இரவு 11:02

அப்படியென்றால் அந்தப் பல்லின் நரம்பு செத்துவிட்டிருக்கும். வலி நின்றது அதனால்தான். சீழ் ஈறு வழியாக வடிகிறது, அழுத்தம் இல்லை, வலி இல்லை. வலி தானாகவே போய்விட்டது என்று வருகிற பெற்றோரிடம் இதைச் சொல்வது கஷ்டமான வேலை.

இந்த இரண்டு பல்லும் ஒரே கணக்கில் வராது. பின் கடைவாய்ப்பல் உயிரோடு இருக்கிறது, முன் கடைவாய்ப்பல் இல்லை. முன் கடைவாய்ப்பல்லின் வேர்களுக்கு நடுவே எலும்பு எவ்வளவு அரித்திருக்கிறது என்பது எக்ஸ்ரேயில் தெரியும். அந்த நடுவில்தான் அடுத்து வர வேண்டிய நிரந்தரப் பல்லின் மொட்டு இருக்கிறது. வேர்கள் அதை இரண்டு கையால் பொத்தி வைத்திருப்பது மாதிரி நிற்கும். சீழ் அங்கே ரொம்ப நாள் தேங்கினால் வரப்போகிற பல்லின் எனாமல் குறைபாட்டோடு உருவாகலாம். பழுப்புத் திட்டு, குழி என்று வரும். டர்னர் பல் என்று பெயர். எலும்பு நிறையப் போயிருந்தால் நானே எடுத்துவிடத்தான் சொல்வேன்.

எக்ஸ்ரேயைக் கையோடு வாங்கிக்கொண்டு ஒரு குழந்தைப் பல் மருத்துவரிடம் இரண்டாவது கருத்து கேளுங்கள். பி.டி.எஸ். முடித்தபின் குழந்தைகள் பல் மருத்துவத்தில் மூன்று வருடம் எம்.டி.எஸ். படித்தவர்கள் ஈரோட்டிலும் இருப்பார்கள். முதலில் பார்த்தவர் தப்பு என்று நான் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை · வியாழன், காலை 7:12

டாக்டர், கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு இரண்டு கேள்வி. பெரியவர்களுக்கு ரூட் கேனால் செய்தால் வேருக்குள் ரப்பர் மாதிரி ஒன்றை அடைத்துவிடுகிறார்கள். அது கரையாது. பால் பல்லிலும் அதை அடைத்தால் அப்புறம் அந்தப் பல் எப்படி விழும்? இரண்டாவது, ஈறில் கொப்புளம் வந்தால் ஆன்டிபயாடிக் ஐந்து நாள் கொடுத்தால் அமுங்கிவிடுகிறதே, அது போதாதா?

பல்லாங்குழி · வியாழன், பிற்பகல் 1:40

கோபம் எதற்கு, இரண்டும் நல்ல கேள்விதான்.

பால் பல்லில் அந்த ரப்பரை, கட்டாபெர்ச்சாவை, வைப்பதில்லை. காரணம் நீங்கள் சொன்னதேதான். கீழிருந்து புதுப்பல் வர வர, பால் பல்லின் வேர் கரைந்துகொண்டே போகும். விழுந்த பால் பல்லில் வேரே இல்லாமல் தொப்பி மாதிரி இருப்பது அதனால்தான். ஆகவே உள்ளே வைக்கிற மருந்தும் வேரோடு சேர்ந்து கரைய வேண்டும். கால்சியம் ஹைட்ராக்சைடும் அயடோஃபார்மும் கலந்த பசை உண்டு. மெட்டாபெக்ஸ் என்பார்கள், மஞ்சளாக இருக்கும். இல்லையென்றால் துத்தநாக ஆக்சைடை யூஜினாலில் குழைத்து வைப்போம். யூஜினால் வேறொன்றுமில்லை, கிராம்பு எண்ணெயின் சாரம். பல் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் வருகிற அந்த வாசனை இதுதான்.

வேர்க் கால்வாயைச் சுத்தம் செய்கிற கருவியும் குழந்தைகளுக்கென்று தனி. பால் பல்லின் வேர் குட்டை, வளைவு, சுவர் மெல்லிசு. கெடோ-எஸ் என்று சுழல் கருவி ஒன்று சென்னையிலிருந்தே வந்திருக்கிறது. முன்பு கையால் அரை மணி நேரம் ராவிய வேலை சீக்கிரம் முடிகிறது. ஐந்து வயதுப் பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பத்து நிமிடத்தின் அருமை தெரியும்.

ஆன்டிபயாடிக் பற்றி. செத்த நரம்புக்குள் ரத்த ஓட்டம் இல்லை, மருந்து அங்கே போய்ச் சேராது. சுற்றியுள்ள வீக்கம் அமுங்கும், மூலம் அப்படியே இருக்கும், மறுபடி வரும். வாயில் சின்னக் கொப்புளத்துக்கு ஆன்டிபயாடிக்கே தேவைப்படாமல் போகலாம். பல்லைச் சரி செய்வதோ எடுப்பதோதான் வைத்தியம். ஆனால் முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்க முடியாமலோ எச்சில் விழுங்கக் கஷ்டப்பட்டோ இருந்தால், வீக்கம் கண்ணை நோக்கியோ தாடைக்கு அடியிலோ பரவினால், காலை வரை காத்திருக்காமல் அன்று இரவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இன்னொன்று. பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ள பிள்ளைகள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் என்றால் கணக்கே மாறும். அங்கே சீழ் பிடித்த பால் பல்லைக் காப்பாற்ற முயலாமல் பெரும்பாலும் எடுத்துவிடுவோம். அப்படி ஏதாவது இருந்தால் முதல் வார்த்தையே அதைச் சொல்லிவிடுங்கள்.

சுக்குக்காப்பி · வியாழன், மாலை 4:05

எங்கள் ஊரில் கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு அந்தப் புகையை வாயில் பிடிக்கச் சொல்வார்கள். பல்லில் இருக்கும் புழு உதிரும் என்பார்கள். கிராம்பு எண்ணெய் பஞ்சில் நனைத்து வைத்தாலும் உடனே கேட்கும். நாலாயிரம் செலவு பண்ணுவதற்கு முன் ஒருமுறை முயன்று பார்க்கலாமே?

பல்லாங்குழி · வியாழன், மாலை 6:30

அம்மா, பூச்சிப்பல் என்று பெயர்தான், உள்ளே பூச்சி கிடையாது. சர்க்கரையைத் தின்று பாக்டீரியா விடுகிற அமிலம் பல்லை அரிக்கிறது, அவ்வளவுதான். புகை பிடிக்க வைத்து உதடு வெந்து வந்த குழந்தையை நான் பார்த்திருக்கிறேன். கிராம்பு எண்ணெயையும் நேராக வைக்காதீர்கள், சின்னப் பிள்ளைகளின் ஈறு பொத்துப்போகும். இரவைக் கடத்த வேண்டும் என்றால் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் போதும்.

கிளாஸ்கோ கீதா · வியாழன், இரவு 11:48

இங்கே ஸ்காட்லாந்தில் என் பையனுக்கு (5 வயது) ஊசி இல்லை, டிரில் இல்லை, சொத்தையைச் சுரண்டவும் இல்லை. முதல் நாள் இரண்டு பல்லுக்கு நடுவே சின்ன ரப்பர் வளையம் மாட்டி அனுப்பினார்கள். அடுத்த தடவை போனபோது வளையத்தை எடுத்துவிட்டு ஸ்டீல் கேப்பில் சிமென்ட் நிரப்பிப் பல் மேல் வைத்து, "நல்லா கடி" என்றார்கள். கடித்தான். முடிந்தது. அழவே இல்லை. ஹால் டெக்னிக் என்று பெயர். இந்த நாட்டுப் பல் மருத்துவர் நோர்னா ஹால் செய்து காட்டிய முறை. நம் ஊரில் ஏன் எல்லாவற்றுக்கும் உடனே நரம்பைத் தோண்டுகிறார்கள்?

பல்லாங்குழி · வெள்ளி, காலை 8:10

கீதா, நம் ஊரிலும் செய்கிறோம். ஆனால் சொத்தை நரம்பைத் தொடாத பல்லுக்கு மட்டும். கேப் போட்டு மூடியதும் உள்ளே மாட்டிக்கொண்ட கிருமிக்குச் சாப்பாடு கிடைக்காமல் சொத்தை நின்றுவிடும். இரவில் வலித்த பல்லுக்கும் சீழ் வைத்த பல்லுக்கும் அதைச் செய்தால் பிரஷர் குக்கருக்கு வெயிட் போட்ட மாதிரிதான் ஆகும்.

உங்கள் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. பிரிட்டனில் மூன்றிலிருந்து ஏழு வயது வரையுள்ள 1,144 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, முடிவு 2020-ல் வந்தது. சொத்தையைச் சுரண்டி அடைப்பது, சுரண்டாமல் மூடிவிடுவது, வெறும் துலக்கலும் ஃப்ளோரைடும் என்று மூன்று வழி. வலியோ சீழோ வருவதில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஆய்வில் சேரும்போதே வலியோ சீழோ இருந்த பிள்ளைகளை அதில் எடுக்கவில்லை. கணக்குப்பிள்ளை சார், உங்கள் அண்ணன் பையனின் எட்டுப் பல்லில் எத்தனை நரம்பு வரை போயிருந்தது? ஒவ்வொரு பல்லாக எக்ஸ்ரேயைக் காட்டிச் சொன்னார்களா? எட்டுக்கும் பல்பெக்டமி தேவைப்படுகிற பிள்ளைகள் உண்டு, பார்த்திருக்கிறேன். எட்டில் ஐந்துக்கு கேப்போ சில்வர் ஃப்ளோரைடு சொட்டோ போதுமாக இருந்த பிள்ளைகளும் உண்டு. அந்தச் சொட்டு வைத்தால் சொத்தை நிற்கும், ஆனால் இடம் கறுத்துவிடும். முன்பல் என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கல்யாண வீட்டு ஆல்பத்தில் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வருவார்கள்.

கணக்குப்பிள்ளை · வெள்ளி, காலை 9:00

எக்ஸ்ரே எடுத்தார்கள். காட்டவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

தாம்பரம் தமிழ்ச்செல்வி · வெள்ளி, பகல் 12:25

செலவு இடிக்கிறவர்களுக்கு: சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. என் மகளுக்கு அங்கேதான் செய்தோம். மேற்படிப்பு மாணவர்கள் செய்வார்கள், பேராசிரியர் வந்து பார்ப்பார். காலையிலேயே போய்விட வேண்டும், ஒரே நாளில் முடியாது, நாங்கள் மூன்று முறை அலைந்தோம். வெளியே கேட்ட தொகையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. மற்ற ஊர்க்காரர்கள் பக்கத்தில் இருக்கும் பல் மருத்துவக் கல்லூரிகளில் விசாரியுங்கள், தனியார் கல்லூரிகளிலும் கட்டணம் குறைவுதான்.

நூல்கண்டு (ஈரோடு) · பன்னிரண்டு நாள் கழித்து

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

குழந்தைப் பல் டாக்டர் ஒருவரிடம் எக்ஸ்ரேயோடு போனோம். திரையில் பெரிதாக்கி, வேர்களுக்கு நடுவே கறுப்பாகத் தெரிந்த இடத்தைச் சுட்டிக்காட்டி, "இங்கே எலும்பு இல்லைம்மா" என்றார். முன் கடைவாய்ப்பல்லைக் காப்பாற்றினாலும் நிலைக்காது, எடுத்துவிடலாம். பின்பல்லைக் கண்டிப்பாகக் காப்பாற்ற வேண்டும். அதையும் திறந்து பார்த்துத்தான் சொல்வேன் என்றார். மேல்பகுதி நரம்பை மட்டும் எடுத்துவிட்டுப் பஞ்சு வைத்து அழுத்தும்போது ஐந்து நிமிடத்துக்குள் ரத்தம் நின்றால் வேரில் இருக்கும் நரம்பு நல்லபடி இருக்கிறது, அதை விட்டுவைக்கலாம், அது பல்பாட்டமி. நிற்காவிட்டால் முழுக்க எடுப்பது, அது பல்பெக்டமி. இந்த இரண்டு பெயரையும் நான் ஒன்றென்றே நினைத்திருந்தேன்.

முதல் நாள் ஒன்றுமே செய்யவில்லை. நாற்காலியை ஏற்றி இறக்கிக் காட்டினார். தண்ணீர் உறிஞ்சும் குழாயை மகளின் உள்ளங்கையில் வைத்து "இது தண்ணி குடிக்கிற யானை" என்றார். காற்று, தண்ணீர் எல்லாம் விரல் நகத்தில் அடித்துக் காட்டினார். எனக்கு மட்டும் ஒரு கட்டளை: வீட்டில் ஊசி, வலி, பயப்படாதே என்ற மூன்று வார்த்தையும் வரக்கூடாது. பயப்படாதே என்றால்தான் பயப்பட ஏதோ இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியுமாம்.

அடுத்த முறை ஈறில் ஜெல் தடவி, கன்னத்தைக் கிள்ளிக் கிள்ளி ஆட்டிக்கொண்டே ஊசி போட்டார். ஊசியை நான் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை. பச்சை ரப்பர் துணி ஒன்றை விரித்து அந்தப் பல் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி மாட்டினார். பல்லுக்கு ரெயின்கோட்டாம். பஞ்சை எடுத்தபோது ரத்தம் நிற்கவில்லை. ஆக முழுக்கத்தான். நாற்பது நிமிடம். கடைசிப் பத்து நிமிடம் அழுதாள், வலியால் இல்லை, வாயைத் திறந்தே வைத்திருந்த சலிப்பில். முன் கடைவாய்ப்பல்லையும் அன்றே எடுத்துவிட்டார். ஒரு வாரம் கழித்து ஸ்டீல் கேப், அதன் மேல் ஒரு வளையம் மாட்டி அதிலிருந்து முன்னால் கோரைப்பல்லைத் தொடுகிற மாதிரி ஒரு கம்பி வளைவு. முருகன் சார், அதுதான் உங்கள் துண்டு.

பீங்கான் நிறத்தில் ஜிர்கோனியா கேப்பும் இருக்கிறது, விலை இரண்டு மடங்குக்கு மேல். பல்லையும் அதிகம் ராவ வேண்டுமாம். ஸ்டீலே போதும் என்றோம். மகளுக்கு அதில் பெருமைதான், பள்ளியில் எல்லோருக்கும் வாயைத் திறந்து காட்டுகிறாள்.

ஒரு கூத்தும் நடந்தது. ஊசி மரத்துப்போனதால் கீழுதடு அவளுக்கு வேடிக்கையாக இருந்திருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியில் பின்சீட்டில் உட்கார்ந்து மென்றுகொண்டே வந்திருக்கிறாள். மறுநாள் காலை உதடு வீங்கி, உள்பக்கம் வெள்ளையாகத் தோல் படர்ந்து பார்க்கவே பகீரென்றது. சீழ் பிடித்துவிட்டது என்று அத்தை ஒரே சத்தம். டாக்டருக்குப் படம் அனுப்பினேன். கடித்த புண், சீழ் இல்லை, ஒரு வாரத்தில் ஆறும், ஒன்றும் போட வேண்டாம் என்றார். அப்படியே ஆறியது. ஊசி போட்டபின் இரண்டு மூன்று மணி நேரம் சாப்பாடு கொடுக்காமல், உதட்டைக் கடிக்கவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான் அனுப்பினார்கள். நான்தான் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு போன் பேசினேன்.

கணக்குப்பிள்ளை · அதே நாள், இரவு

ஆக முதல் டாக்டர் இரண்டு பல் என்றார், இரண்டாவது டாக்டர் ஒன்று என்றார். நான் சொன்னதிலும் பாதி சரிதான் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அண்ணன் பையனை நேற்று ஒரு குழந்தைப் பல் டாக்டரிடம் அழைத்துப்போனோம். நன்றாகத்தான் இருக்கிறான் என்று இங்கே எழுதினேன் அல்லவா. மேலே இரண்டு பல்லில் ஈறுக் கொப்புளம். யாரும் டார்ச் அடித்துப் பார்த்ததில்லை. மூன்று பல்லுக்கு வேலை இருக்கிறது, இரண்டை எடுக்க வேண்டும், மீதியை விட்டுப் பிடிக்கலாம் என்றார். மயக்க மருந்து தேவையில்லை என்றும் சொன்னார். எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிவிட்டேன்.

பல்லாங்குழி · மறுநாள்

நூல்கண்டு, முதலில் பார்த்தவர் மேல் கணக்குப்பிள்ளை சார் கை வைப்பதற்கு முன் ஒரு வார்த்தை. எலும்பு போன பல்லிலும் மருந்துப் பசை வைத்துச் சில மாதமாவது நிறுத்திப் பார்ப்பவர்கள் உண்டு. ஆறு வயதுப் பல் வரும் வரை தாங்கட்டும் என்று நானே இரண்டு மூன்று தடவை செய்திருக்கிறேன், ஒன்றில் தோற்றிருக்கிறேன்.

மற்ற பற்களையும் பாருங்கள். இடுக்கில் நார் வகை உணவு மாட்டுகிறதா? கடைவாய்ப் பால் பற்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும், சொத்தை அந்த இடுக்கில்தான் ஆரம்பிக்கும், மேலிருந்து தெரியாது. பால் பல்லின் எனாமல் பெரியவர் பல்லில் ஏறக்குறைய பாதி கனம்தான். ஆகவே ஓட்டை கண்ணுக்குத் தெரியும்போது நரம்புப் பக்கம் போயிருக்கும். இரவு துலக்கியபின் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். அவள் வயதுக்கு ஃப்ளோரைடு பேஸ்ட் பட்டாணி அளவு, மூன்று வயதுக்குக் கீழே அரிசி அளவு. ஏழு எட்டு வயது வரை நீங்கள்தான் துலக்கிவிட வேண்டும். தானே துலக்குகிறாள் என்று பெருமைப்படாதீர்கள்.

நூல்கண்டு (ஈரோடு) · ஏழு மாதம் கழித்து

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். நேற்று ஆறு மாதப் பரிசோதனை. எக்ஸ்ரேயில் பின்பல் நன்றாக இருக்கிறது. கம்பி அசையவில்லை, இடம் அப்படியே இருக்கிறது. ஸ்டீல் பல்லுக்குப் பின்னால் ஆறு வயதுப் பல் இரண்டு முனை வெளியே தெரிகிறது. இரண்டு பக்கமும் மெல்லுகிறாள். கம்பியை உத்தேசித்து எள்ளுருண்டை, மிட்டாய் இரண்டுக்கும் மட்டும் தடை.

டாக்டர், அத்தை ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னார். பிடுங்கிய பல்லை அன்றைக்கே கிளினிக்கில் காகிதத்தில் மடித்து வாங்கிவந்து, சாணி உருண்டையில் வைத்துத் தறி ஷெட் கூரையில் எறிந்தார். ஸ்டீல் பல் விழும்போது கேப் தனியாக, பல் தனியாக வருமா, சேர்ந்தே வருமா?

பல்லாங்குழி · அதே நாள், இரவு

சேர்ந்தே வரும். பத்து, பதினொரு வயதில்.

நூல்கண்டு (ஈரோடு) · அதே நாள், இரவு

சொல்லிவிட்டேன். கூரை சிமென்ட் ஷீட், மெதுவாகத்தான் எறிய வேண்டும் என்கிறார்.